தலையில் தண்ணீர் இல்லாத கப்பா

கேள்வி இதுதான்: "வாட்டர்கலர் ஓரளவுக்குக் கைவரும். ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பூதங்களை வைத்துப் பத்து, பன்னிரண்டு படங்கள் கையாலேயே வரைய ஆசை. ஆனால் எதை வரைந்தாலும் அனிமே மாதிரியே வந்து நிற்கிறது. எங்கிருந்து தொடங்கலாம், என்னென்ன வாங்க வேண்டும், வரைந்ததை விற்றால் காப்புரிமைச் சிக்கல் வருமா?"

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மானம் போன கதை ஒன்று.

நான் முதன்முதலாக வரைந்த கப்பா (ஆற்றில் வாழும் ஜப்பானிய பூதம்) நல்ல பாசிப்பச்சை. முதுகில் ஆமை ஓடு, விரல்களுக்கு நடுவே சவ்வு, அலகு போன்ற வாய், கண்ணில் தீப்பொறி. பயங்கரமாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமை. ஜப்பானிய மொழி படித்த தோழி ஒருத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலையில தண்ணி எங்கே?" என்று மட்டும் கேட்டாள். கப்பாவின் உச்சந்தலையில் தட்டு மாதிரி ஒரு பள்ளம் உண்டு. அதில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குப் பலம். குதிரையையும் குழந்தையையும் ஆற்றுக்குள் இழுத்துப்போகிற இந்தப் பிராணி மரியாதையில் மட்டும் குறை வைக்காது. நீங்கள் குனிந்து வணங்கினால் அதுவும் குனியும், தண்ணீர் கொட்டிவிடும், ஆள் காலி. நான் அந்த இடத்தில் வெறும் சொட்டைத்தலையை வரைந்து வைத்திருந்தேன். கப்பாவின் கதையே அந்த ஒரு கை தண்ணீரில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் கர்மசிரத்தையாக வரைந்திருக்கிறேன்.

உங்கள் படங்கள் அனிமே மாதிரி வருவதற்கும் இதே காரணம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பூதத்தின் தோற்றத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பழக்கத்தை விட்டுவிடுகிறீர்கள். ஜப்பானியர்கள் யோகாய் என்று சொல்லும் இந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, ஒரு இடம், ஒரு நேரம் உண்டு. அஸுகியராய் என்று ஒன்று, ஓடைக்கரையில் இருட்டில் உட்கார்ந்து பயறு கழுவும் சத்தம் போடும். பெரும்பாலும் அவ்வளவுதான் அதன் வேலை. அகனாமே, பாசி பிடித்த குளியலறை அழுக்கை நாக்கால் நக்கித் தின்னும். இதில் கோரப்பல்லுக்கு என்ன வேலை? வரைய வேண்டியது அந்த நாக்கையும், கழுவாத மரத்தொட்டியையும்.

யோகாய் வேறு, யூரே வேறு என்பதையும் மனதில் வையுங்கள். யூரே செத்தவர்களின் ஆவி. நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகிதா குனியோ இரண்டையும் பிரித்துக் காட்டிய விதம் ஓவியருக்கு மிகவும் உதவும். யோகாய்க்கு ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு, அந்தப் பக்கம் போகிற யாராக இருந்தாலும் அதன் கண்ணில் படலாம், நேரம் பெரும்பாலும் அந்தி மயங்கும் வேளை. யூரே ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடி வரும், நேரம் பின்னிரவு 2 மணி சுமார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதற்கு எத்தனையோ விதிவிலக்குகள் காட்டியிருக்கிறார்கள், அது கிடக்கட்டும். படத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: யோகாயை வரைந்தால் இடத்தையும் வரைந்தே ஆக வேண்டும். வெள்ளைத் தாளின் நடுவில் மிதக்கும் பூதம் ஸ்டிக்கராகத்தான் இருக்கும். ஒரு பாலத்தின் கைப்பிடி, நாலு நாணல், ஒரு கிணற்று விளிம்பு போதும்.

நிறமும் இடத்துக்கு இடம் மாறும். யனகிதா 1910-இல் வெளியிட்ட தோனோ வட்டாரக் கதைத் தொகுப்பில், மற்ற ஊர்க் கப்பாக்களைப் போல அல்லாமல் தோனோ கப்பாவின் முகம் சிவப்பு என்று எழுதியிருக்கிறார். இவாதே மாகாணத்தில் இருக்கும் அந்த ஊருக்கு இன்றைக்குப் போனாலும் கப்பா பிடிக்க அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். ஆக, என் பாசிப்பச்சையும் யோசிக்காமல் போட்டதுதான்.

ஒனி என்ற ராட்சதனை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு, புலித்தோல் அரைத்துணி, முள்ளுத்தடி, சிவப்பு அல்லது நீல உடம்பு. ஏன் கொம்பும் புலித்தோலும்? பழைய திசைக் கணக்கில் வடகிழக்குதான் ஒனிகள் நுழையும் வாசல். அந்தத் திசையின் பெயர் உஷிதோரா, அதாவது எருது-புலி. எருதிடமிருந்து கொம்பு, புலியிடமிருந்து தோல் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். இது தெரிந்த பிறகு ஒனிக்கு வௌவால் இறக்கை ஒட்டவைக்க உங்களுக்கே கை வராது.

பார்த்துப் பழக வேண்டிய படங்களுக்கு வருகிறேன். தோரியாமா செக்கியென் 1776-இல் வெளியிட்ட மரஅச்சுப் புத்தக வரிசையிலிருந்து தொடங்குங்கள். 1784 வரை நான்கு தொகுதி வரிசைகள் வந்தன, பக்கத்துக்கு ஒரு யோகாய், பக்கத்தில் பெயர். இன்று உலகம் முழுக்க இந்தப் பூதங்களுக்கு இருக்கும் முகங்களில் பாதிக்கு மேல் அவர் கொடுத்தவை என்றே சொல்லலாம். எல்லாவற்றையும் கிராமத்திலிருந்து பொறுக்கி எடுக்கவில்லை. சொல் விளையாட்டிலிருந்து சிலதை அவரே பிறப்பித்தும் இருக்கிறார். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் மின்னூல் தொகுப்பில் இவை கிடைக்கின்றன. கியோட்டோவில் உள்ள நிச்சிபுன்கென் ஆய்வு நிறுவனம் யோகாய்ப் படங்களுக்கென்றே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஒரு வாரம் ஒன்றும் வரையாமல் இவற்றை மட்டும் பாருங்கள். போன தலைமுறையின் கேலிச்சித்திரங்களையும் விளையாட்டுக் கதாபாத்திரங்களையும் அந்த ஒரு வாரத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஹொகுசாய். 1831 வாக்கில் 'நூறு கதைகள்' என்ற தலைப்பில் பேய்ப் படங்கள் போட்டார். தலைப்பில்தான் நூறு, நமக்குத் தெரிந்தவை ஐந்தே ஐந்து. அதில் ஒக்கிகு படத்தைக் கட்டாயம் பாருங்கள். எஜமானின் பத்துத் தட்டுகளில் ஒன்று குறைந்ததற்காகக் கிணற்றில் மாண்டுபோன வேலைக்காரப் பெண் அவள். ஆவியாக வந்து இரவெல்லாம் தட்டு எண்ணுகிறாள். ஹொகுசாய் அவள் கழுத்தையே அடுக்கிவைத்த தட்டுகளாக வரைந்துவிட்டார். கிணற்றிலிருந்து பாம்பு மாதிரி மேலே எழுகிறது, வாயிலிருந்து ஒரு மெல்லிய புகை. கதையும் உடம்பும் ஒன்றாகிவிட்டன. முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புதான்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடித்தவர்கள் பெயர் தெரியாத ஓட்சு ஓவியர்கள். தொக்காய்தோ நெடுஞ்சாலையில் கியோட்டோவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர் ஓட்சு. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே சாலையோரக் கடைகளில் வழிப்போக்கர்களுக்குக் கையால் வரைந்த படங்களை மலிவாக விற்றார்கள். மட்டமான பழுப்புத் தாள், மண்ணைக் கரைத்துப் பூசிய அடிப்பூச்சு, நாலைந்து நிறம், தயங்காத கோடு. ஒரே படத்தை நாள் முழுக்கப் போட்டுப் போட்டுக் கை தானாக ஓடும் நிலைக்கு வந்த கோடு அது. அவர்களுடைய புகழ்பெற்ற படம் 'ஒனியின் நென்புட்சு' (நென்புட்சு என்றால் புத்தர் பெயரை ஜபிப்பது): பிட்சு உடை போட்ட ஒனி ஒன்று கழுத்தில் சேகண்டி மாதிரி ஒரு மணியும், கையில் அதைத் தட்டும் சுத்தியும், நன்கொடை எழுதும் ஏடுமாக வசூலுக்குக் கிளம்பியிருக்கிறது. ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். வெளியே காவி, உள்ளே ஒனி என்று போலிச் சாமியார்களைக் கிண்டல் செய்யும் படம். அதையே குழந்தைகள் இரவில் அழாமலிருக்க வீட்டில் மாட்டினார்கள் என்பது அதைவிட வேடிக்கை. வாட்டர்கலர் ஓரளவு வரும் என்கிற உங்களுக்கு ஓட்சுதான் சரியான பள்ளிக்கூடம். அந்த ஒனியைப் பார்த்து இருபது தடவை வரையுங்கள். இருபதாவதில் கை வேகம் பிடித்திருக்கும்.

வேகம் என்றதும் ஓவியர் கவானபே க்யோசாய் ஞாபகம் வருகிறார். 1880-இல் தோக்கியோவின் ஷின்தோமி நாடக அரங்குக்கு, 17 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரத் திரையில், அன்றைய கபுக்கி நடிகர்களையே பூதங்களாக்கி ஒரு ஊர்வலம் வரைந்தார். நாலு மணி நேரத்தில், சாக்கே குடித்துக்கொண்டே. அந்தத் திரை இப்போது வசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடித்தால் வேகம் வரும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்கு முன் அவர் வருடக்கணக்கில் கானோ என்ற பழைய ஓவியப் பள்ளியில் கோடு பழகியவர்.

காப்புரிமைக்கு வருவோம், இதில் நிறையப் பேர் தெரியாமல் மாட்டுகிறார்கள். செக்கியென், ஹொகுசாய், குனியோஷி, க்யோசாய் எல்லோரும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இறந்துவிட்டவர்கள். அவர்கள் படங்களைப் பார்த்து நீங்கள் வரைவதில் ஒரு தடையும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், பழசு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சில உருவங்கள் உண்மையில் நேற்று பிறந்தவை. நுரிகாபேயைப் பாருங்கள். ஃபுகுவோக்கா கடலோரத்தில் இரவு நடந்து போகிறவனுக்கு முன்னால் திடீரென்று கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று வழியை மறிக்கும், குச்சியால் அடிப்பக்கத்தைத் தட்டினால் மறையும் என்பதுதான் மக்கள் சொன்ன கதை. கண்ணுக்கே தெரியாததற்கு ஏது முகம்? கையும் காலும் சின்னக் கண்களும் உள்ள பெரிய சுவராக அதை வரைந்தவர் மங்கா கலைஞர் மிசுகி ஷிகெரு. 1802-ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு சுருள் ஓவியத்தில் அதே பெயருக்குப் பக்கத்தில் மூன்று கண்ணுள்ள நாய் மாதிரி ஒரு மிருகம் நிற்கிறது! மிசுகி 2015-இல் காலமானார். ஜப்பானில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு உரிமை உண்டு. ஆகவே அந்தச் சுவர் முகத்தை வரைந்து விற்காதீர்கள். 'கண்ணுக்குத் தெரியாத சுவர்' என்ற கதையை எடுத்து உங்கள் சொந்த முகத்தைக் கொடுங்கள், யாரும் கேட்க முடியாது.

கஷாதொகுரோ என்னும் பிரம்மாண்ட எலும்புக்கூடும் அப்படித்தான். குனியோஷி 1840-களில் போட்ட மூன்று தாள் படம் ஒன்றில், பாழடைந்த அரண்மனையின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு ராட்சத எலும்புக்கூடு எட்டிப் பார்க்கும். அந்தப் படத்தில் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. கஷாதொகுரோ என்ற பூதமே 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. படத்துக்கு அடியில் 'பண்டைய ஜப்பானிய பூதம்' என்று எழுதிவிடாதீர்கள், விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

சரி, சாமான்கள். தாள்: நீங்கள் வாட்டர்கலருக்குப் பயன்படுத்தும் சொரசொரப்பான தாளில் தூரிகைக் கோடு பிய்ந்து பிய்ந்து போகும். வழுவழுப்பான 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். வாஷி என்ற ஜப்பானியத் தாள் கிடைத்தால் நல்லது, ஆனால் பூச்சு எதுவும் இல்லாத வாஷியில் மை வைத்தவுடன் நாலா பக்கமும் கசியும். கசியாமலிருக்க தோசா பூச வேண்டும். தோசா என்பது பசையும் படிகாரமும் கரைத்த தண்ணீர், அவ்வளவுதான். ஜப்பானியர்கள் நிகாவா என்ற தோல்-எலும்புப் பசையைப் போடுவார்கள். நான் அரை லிட்டர் வெந்நீரில் ஏழெட்டு கிராம் ஜெலட்டினும் இரண்டரை கிராம் படிகாரமும் போடுகிறேன். படிகாரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அளவு கூடினால் தாள் நாளடைவில் அமிலமேறி நொறுங்கும், மையும் ஒட்டாமல் வழுக்கும்.

மை: குச்சி மையைக் கல்லில் உரைப்பதுதான் சுகம். கடையில் 'இந்தியன் இங்க்' என்று விற்கும் அரக்கு கலந்த மையில் நல்ல தூரிகையைத் தோய்க்காதீர்கள். காய்ந்தால் முடி கல்லாகிவிடும். தூரிகைக்கு மென்சோ என்ற நீள முடி மெல்லிய தூரிகை ஒன்று, நீர்த்த நிறம் பூச ஒரு பருத்தது, தண்ணீருக்கு ஒரு பட்டை. நிறங்களில் அரைத்த கனிமப் பொடிகளான இவாஎனோகு பக்கம் இப்போது போகவே வேண்டாம், விலை மூச்சை அடைக்கும். பிரஷியன் ப்ளூ, செங்காவி, ஒரு மஞ்சள் மண், ஒரு வெர்மிலியன் ட்யூப் போதும். பிரஷியன் ப்ளூ 1830 வாக்கில் ஜப்பானிய அச்சுப் படங்களில் அலைமோதிய நிறம், ஆகவே சரித்திரத்துக்கும் பொருந்தும்.

வெள்ளைக்குக் கோஃபுன். சிப்பி ஓட்டை வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு, அரைத்து எடுக்கும் கால்சியம் கார்பனேட். நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சிப்பிதானே என்று நான் ஒரு தடவை புத்திசாலித்தனம் காட்டினேன். சுட்டு நீற்றிய சுண்ணாம்பு காரம், பிரஷியன் ப்ளூவுக்குக் காரம் ஆகாது. நீல இருட்டில் வெள்ளைக் கண் வைத்த படம், கண்ணைச் சுற்றிப் பழுப்பேறிப்போனது. கோஃபுன் கிடைக்காவிட்டால் வெள்ளை குவாஷ் வாங்கிக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

கிடைத்தால் செய்முறை இப்படி: பொடியை நன்றாக அரைத்து, வெதுவெதுப்பான நிகாவாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். உருண்டையாக்கித் தட்டில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். இதற்கு ஹியக்குததாகி, 'நூறு அடி' என்றே பெயர். அடித்தால்தான் பசை பொடிக்குள் முழுக்கப் போகும். அப்புறம் வெந்நீர் விட்டு விரலால் கரைப்பது. நிகாவாவைக் கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும். சென்னை வெயிலில் ஒரு ராத்திரி வெளியில் வைத்தால் மறுநாள் வீடே நாறும், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஒரு படத்தை முழுக்கச் சொல்கிறேன். பழைய காகிதக் குடை பூதம், கராகசா. ஒற்றைக் கண், நீட்டிய நாக்கு, கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கால், அதில் மரச்செருப்பு. பயன்படுத்தித் தூக்கிப்போட்ட சாமான்களுக்கு நூறு வருஷத்தில் உயிர் வரும் என்ற நம்பிக்கையில் பிறந்த சுகுமோகாமி வகையறா.

முதலில் ஒரு மலிவுத் தாளில் பென்சிலால் முழுப்படமும். குடையின் மூங்கில் கம்பிகள் எல்லாம் உச்சிக் குமிழில் போய்ச் சேர வேண்டும். இதில் கோணல் விழுந்தால் குடை பூசணிக்காயாகிவிடும், ஆகவே மெனக்கெடுங்கள். அந்தத் தாளின் பின்பக்கம் செங்காவிப் பொடியைத் தேய்த்து, நல்ல தாள் மேல் வைத்து, கூரான எதையாவது கொண்டு கோட்டின் மேல் ஓட்டினால் கீழே மெல்லிய சிவப்புத் தடம் விழும். பிறகு மைக் கோடு. இதற்குக் கொட்சுகாகி என்று பெயர், 'எலும்பு வரைதல்'. தூரிகை நிமிர்ந்து நிற்க, முழங்கை மேசையில் படாமல், தோளிலிருந்து இழுக்க வேண்டும். கம்பிகளை உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒரே மூச்சில். காலுக்கு வேறு கோடு: கணுக்காலில் அழுத்தி, கெண்டைக்காலில் விட்டு, முழங்காலில் மறுபடி அழுத்தம். கிழிந்த ஓரத்துக்குத் தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்த்திவிட்டு இழுங்கள், தானே பிசிறடிக்கும்.

மை காய்ந்ததும் நிழல். ஒரே கையில் இரண்டு தூரிகை, ஒன்றில் நீர்த்த மை, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு மடிப்பின் உட்பக்கத்திலும் மையை வைத்து, உடனே தூரிகையை மாற்றி, அதன் ஓரத்தைத் தண்ணீரால் இழுத்துக் கரைப்பது. முதல் நாள் இரண்டு தூரிகையும் கீழே விழும், மூன்றாம் நாள் பழகிவிடும். அது ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் செங்காவி ஒரு சொட்டு விடுங்கள். தானே பரவி, மழையில் நனைந்து நனைந்து கறைபிடித்த எண்ணெய்க் காகிதம் மாதிரி வரும். நாக்குக்கு மட்டும் வெர்மிலியன், படத்தில் வேறு எங்கும் சிவப்பு வேண்டாம். கண்ணுக்குக் கோஃபுன் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் மோர் மாதிரி நீர்க்க. ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, பதறிப்போய்க் கெட்டியாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். கால் மணி நேரம் போனால் வெள்ளை தானாக மேலே வரும். கண்மணி கடைசியில். அதைப் பார்ப்பவரை நோக்கி வைக்காமல், கீழே தன் செருப்பைப் பார்க்கிற மாதிரி ஒருமுறை வைத்துப் பாருங்கள். யாரோ வீசியெறிந்த குடை, தன்னிடம் இப்போது ஒரு கால் இருப்பதை அப்போதுதான் கவனிக்கிறது.

பின்னணி இருட்டுக்குக் கறுப்பை அப்பாதீர்கள். தாளின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஈரத்தில் சாம்பல் பூச்சு, கீழே வெறும் தாள். அதுவே அந்தி.

எதை முதலில் வரைவது என்றால், அமாபியே என்ற கடல் பூதம். 1846-இல் ஹிகோ நாட்டில், இன்றைய குமமோட்டோவில், கடலில் இரவுதோறும் ஏதோ மின்னுகிறது என்று பார்க்கப்போன அதிகாரியிடம், ஆறு வருஷம் நல்ல விளைச்சல், கூடவே கொள்ளைநோய் என்று சொல்லிவிட்டு, என்னை வரைந்து எல்லோருக்கும் காட்டு என்று கேட்டுக்கொண்டு கடலுக்குள் போய்விட்டதாம். 2020-இல் ஜப்பான் முழுக்க அதை வரைந்து தள்ளினார்கள், சுகாதார அமைச்சகமே தன் விளம்பரத்தில் போட்டது. மூலப்படம் உள்ள அச்சுத்தாள் கியோட்டோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பார்த்தால் உங்களுக்குத் தைரியம் வரும்: நீள முடி, அலகு, செதில் உடம்பு, கீழே மூன்று கால், ஏதோ பள்ளிக்கூடப் பையன் கிறுக்கிய மாதிரி ஒரு படம்.